கை கால் நல்லா இருக்கும்போதே... வயசான காலத்து இயலாமை நாட்டுக்கு நாடு ஏன் மாறுது?

"யாருக்கும் பாரமா இல்லாம, கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேந்துடணும்." வயசானவங்க யாராவது இத சொல்லி கண்டிப்பா கேட்டிருப்பீங்க. கவனிச்சு பாத்தா இதுல சாவ பத்தின பயமே இல்ல, சாவுக்கு முன்னாடி வர்ற அந்த முடியாத காலம் எவ்வளவு நாள் இழுக்குமோங்கறதுதான் கவலை. சிலருக்கு அது 10 நாள், சிலருக்கு 10 வருஷம். நாட்டுக்கு நாடும் அது மாறுது. இத அளக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் அறுபது வருஷமா உக்காந்து வேலை பாத்துட்டு இருக்கு, ஆனா அவங்க தர்ற நம்பர நியூஸ்ல பாத்துட்டு "அந்த நாட்டுல பெரியவங்க நல்லா இருக்காங்க, இந்த நாட்டுல மோசம்"னு நாம முடிவு பண்ணா பாதி நேரம் தப்பாத்தான் போகும். ஏன் தப்பா போகும்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. இயலாமைன்னா நோய் இல்ல. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, மூட்டு தேஞ்சிருக்கு, ஆனா தன் வேலைய தானே பாத்துக்கறாருன்னா இந்த கணக்குல அவருக்கு இயலாமை இல்ல. கேக்கற கேள்வியே வேற. குளிக்க, டிரஸ் போட்டுக்க, டாய்லெட் போக, கட்டில்ல இருந்து எழுந்து நாற்காலிக்கு வர, சிறுநீர் மலத்த அடக்க, எடுத்து சாப்பிட, இந்த ஆறுல எதுக்காவது இன்னொருத்தர் ஒத்தாசை வேணுமா? அவ்வளவுதான். இந்த ஆற சிட்னி காட்ஸ்ங்கற டாக்டரும் அவர் கூட வேலை பாத்தவங்களும் 1963ல வெளியிட்டாங்க. அமெரிக்காவுல கிளீவ்லாண்டுல இடுப்பு எலும்பு முறிஞ்சு வந்த வயசானவங்கள பாத்துக்கிட்டு இருந்தப்ப, யார் எத எப்ப திரும்ப செய்ய ஆரம்பிக்கறாங்கன்னு குறிச்சு வச்சதுல இருந்து வந்தது இது.

அதுல அவங்க கவனிச்ச ஒரு விஷயம் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கும். இந்த ஆறும் கண்டபடி போறதில்ல, ஒரு வரிசைல போகுது. பொதுவா முதல்ல கைவிட்டு போறது குளியல், கடைசி வரைக்கும் நிக்கறது சாப்பிடறது. ஒரு குழந்தை வளரும்போது இதே வரிசை அப்படியே திரும்பி வரும், முதல்ல தானா எடுத்து வாயில போட கத்துக்கும், தானா குளிக்க ரொம்ப நாள் ஆகும். யோசிச்சு பாத்தா காரணம் புரியும். குளிக்கறதுக்கு ஈரத்தரையில நிக்கணும், பேலன்ஸ் வேணும், குனியணும், முதுகுக்கு கை எட்டணும், அதாவது இடுப்புக்கு கீழ பலம் வேணும். சாப்பிட கை இருந்தா போதும். கால் பலம்தான் முதல்ல குறையுது, கை பலம் அப்புறம்தான். இந்த வரிசை ஏறக்குறைய எல்லா நாட்டுலயும் இதே மாதிரிதான் வருது, உடம்பு எங்க போனாலும் உடம்புதானே. மாறுறது எப்ப ஆரம்பிக்குதுங்கறதும், எவ்வளவு வேகமா இறங்குதுங்கறதும்தான்.

இந்த ஆறுக்கு முன்னாடியே போக ஆரம்பிக்கறது இன்னொரு செட். போன் பேசறது, கடைக்கு போறது, சமைக்கறது, துணி துவைக்கறது, பஸ் ஏறி போய் வர்றது, மாத்திரைய நேரத்துக்கு எடுத்துக்கறது, காசு கணக்கு பாத்துக்கறது, இந்த மாதிரி. இத 1969ல லாட்டன், பிராடின்னு ரெண்டு பேர் பட்டியல் போட்டாங்க. இதுக்கு கை கால் மட்டும் போதாது, மூளையும் ஒத்துழைக்கணும், அதனால மறதி நோய் வந்தா முதல்ல இங்கதான் தெரியும். ஆனா நாடுகள ஒப்பிடும்போது இந்த பட்டியல் நல்லா வம்பு பண்ணும். வாழ்க்கைல ஒரு நாள் கூட அடுப்பு பக்கம் போகாத 75 வயசு ஆம்பளைகிட்ட "சமைக்க முடியுமா"ன்னு கேட்டா முடியாதும்பார். அது உடம்பால முடியாததா, கத்துக்கவே கத்துக்காததா? பேங்க் கணக்க எப்பவும் புருஷனே பாத்துக்கிட்ட வீட்ல அந்த அம்மாகிட்ட காசு விஷயத்த கேட்டாலும் இதே கதைதான். அதனாலதான் ஒழுங்கா எடுக்கற சர்வேல "முடியாது"க்கு ஒரு பதிலும் "நான் அத செய்யறதே இல்ல"க்கு வேற ஒரு பதிலும் தனித்தனியா வச்சிருப்பாங்க. அப்படி பிரிக்காம எடுத்த சர்வேய வச்சு ரெண்டு நாட்டு ஆம்பளைங்கள ஒப்பிட்டா, யாருக்கு சமைக்க தெரியும்ங்கறதத்தான் அளந்திருப்போம்.

சரி, நோய் எப்படி இயலாமையா மாறுது? சாத் நாகின்னு ஒரு சமூகவியல் ஆள் 1960கள்ல இத ஒரு சங்கிலி மாதிரி சொன்னார். முதல்ல உள்ளுக்குள்ள ஒரு நோய், அப்புறம் ஒரு உறுப்புல பழுது, அப்புறம் நடக்கறது குனியறது மாதிரி ஒரு செயல்ல தடை, கடைசிலதான் அன்றாட வாழ்க்கைல இயலாமை. 1994ல வெர்ப்ரூகி, ஜெட்டின்னு ரெண்டு பேர் இதுல முக்கியமான ஒண்ண சேத்தாங்க: இயலாமைங்கறது உடம்புக்குள்ள மட்டும் இருக்கற சமாச்சாரம் இல்ல, உடம்பால எவ்வளவு முடியும், சுத்தி இருக்கற இடம் எவ்வளவு கேக்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல விழற இடைவெளிதான் அது. ரெண்டு பாட்டிங்க, ஒரே வயசு, ஒரே மாதிரி தேஞ்ச முட்டி. ஒருத்தர் லிப்ட் இருக்கற கட்டடத்துல இருக்காங்க, பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி இருக்கு, உக்காந்து குளிக்க ஸ்டூல் இருக்கு. இன்னொருத்தர் லிப்ட் இல்லாத மூணாவது மாடி, உக்காந்து எழுந்திரிக்கற டாய்லெட். முட்டி எக்ஸ்ரேல ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா சர்வேக்காரங்க வந்து கேட்டா முதல் பாட்டி "என் வேலைய நானே பாத்துக்கறேன்"ம்பாங்க, ரெண்டாவது பாட்டி "பொண்ணு இல்லாம முடியாது"ம்பாங்க. இயலாமைய வகை பிரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001ல கொண்டு வந்த வகைப்பாட்டுலயும் சுற்றுச்சூழல ஒரு பாகமா சேத்துட்டாங்க.

இது வெறும் தத்துவம் இல்ல, நம்பர்லயே வந்து நிக்குது. டென்மார்க்ல 1905ல பொறந்தவங்கள 93 வயசுல போய் பாத்தாங்க, அப்புறம் 1915ல பொறந்தவங்கள 95 வயசுல போய் பாத்தாங்க. பின்னாடி பொறந்தவங்க ரெண்டு வயசு மூத்த வயசுல அளக்கப்பட்டும் கூட அன்றாட வேலைகள்ல, ஞாபக சக்தில எல்லாம் அவங்கதான் மேல இருந்தாங்க. ஆனா கைப்பிடி பலம், நடை வேகம் மாதிரி உடம்ப நேரடியா சோதிச்சதுல பெருசா வித்தியாசம் தெரியல. சீனாவுல இத விட கூர்மையா ஒண்ணு வந்துச்சு. 80 வயச தாண்டினவங்கள 1998லயும் 2008லயும் அளந்து பாத்ததுல, பின்னாடி வந்தவங்களுக்கு குளிக்க டிரஸ் போட ஒத்தாசை தேவைப்படறது குறைஞ்சிருந்துச்சு, ஆனா நாற்காலில இருந்து எழுந்திரிக்கறது, தரையில கிடக்கற புத்தகத்த எடுக்கறது, நின்ன இடத்துலயே ஒரு சுத்து சுத்தறது, இந்த சோதனைகள்ல முன்னாடி இருந்தவங்கள விட மோசமா செஞ்சாங்க, அறிவுத்திறன் சோதனைலயும் அப்படித்தான். உடம்பு பலவீனமாயிருக்கு, இயலாமை குறைஞ்சிருக்கு! பலவீனமா இருக்கறவங்களும் அதிகமா உயிரோட இருக்காங்க, அதே நேரத்துல வீடும் வசதியும் கொஞ்சம் மேம்பட்டிருக்கு, ரெண்டும் சேந்தா இப்படி ஒரு விசித்திரமான கணக்கு வரும். "நல்லா ஆயிடுச்சா மோசமா ஆயிடுச்சா"ன்னு கேட்டா எத அளந்தீங்கன்னு திருப்பி கேக்க வேண்டியதுதான்.

இப்ப அடுத்த தப்பான நினைப்பு. இயலாமைனா ஒரு வழிப்பாதை, ஒரு தடவ கீழ இறங்கிட்டா மேல வர முடியாதுன்னு நாம நினைச்சுக்கறோம். நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க 1998ல ஆரம்பிச்சு 70 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 754 பேர மாசா மாசம் போன் பண்ணி "இந்த மாசம் குளிக்க, டிரஸ் போட, நடக்க யாராவது ஒத்தாசை பண்ணாங்களா"ன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே வந்தாங்க. மாசா மாசம் கேட்டதுதான் இதுல விசேஷம். புதுசா இயலாமை வந்தவங்கள்ல சுமார் 100க்கு 81 பேர் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பவும் தானே எல்லாம் செய்யற நிலைக்கு வந்துட்டாங்க. சந்தோஷமான விஷயம்தான், ஆனா மீண்டவங்க மறுபடி விழற வாய்ப்பும் ஜாஸ்தி. விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவா எழுந்துன்னுதான் பலருக்கு போகுது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ போய் கேக்கற சர்வேக்கு நடுவுல நடந்த இந்த ஏற்ற இறக்கம் எதுவும் தெரியவே தெரியாது.

இறங்கறதுலயும் ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு திடீர்னு, பக்கவாதம் வந்தோ இடுப்பு எலும்பு உடைஞ்சோ ஒரே நாள்ல எல்லாம் போயிடும். இன்னொண்ணு மெதுவா, மூட்டு, கண்ணு, இதயம், மறதின்னு ஒண்ணு மேல ஒண்ணா சேந்து சேந்து. மூணாவதா ஒண்ணு இருக்கு, அத யாரும் பேசறதில்ல, ஆஸ்பத்திரி. நிமோனியாவோ வேற ஏதோன்னு அட்மிட் ஆகறாங்க, நோய் சரியாயிடுது, ஆனா படுத்தே கிடந்ததுல கால் பலம் போயிடுது. அமெரிக்காவுல 70 வயசுக்கு மேல அட்மிட் ஆனவங்கள பாத்ததுல மூணுல ஒரு பங்குக்கு மேல, உடம்பு முடியாம போறதுக்கு முன்னாடி செஞ்சுக்கிட்டு இருந்த ஏதோ ஒரு அன்றாட வேலைய செய்ய முடியாமத்தான் டிஸ்சார்ஜ் ஆனாங்க. நோயே இல்லாத வயசானவங்கள சோதனைக்காக வெறும் 10 நாள் படுக்க வச்சதுலயே ரெண்டு காலும் சேத்து கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைஞ்சுது. படுக்கைங்கறது ஓய்வு மட்டும் இல்ல, வயசானவங்களுக்கு அது பக்க விளைவு உள்ள மருந்து மாதிரி.

இப்ப நாடுகளுக்கு வருவோம், நான் சொல்ல நினைச்ச மெயின் விஷயம் இங்கதான் இருக்கு.

ஒரு பஸ்ஸ நினைச்சுக்கங்க. உள்ள எவ்வளவு கூட்டம்ங்கறது எத்தன பேர் ஏறாங்கங்கறத மட்டும் பொறுத்தது இல்ல, ஏறினவங்க எவ்வளவு நேரம் கழிச்சு இறங்கறாங்கங்கறதயும் பொறுத்தது. "இந்த நாட்டுல 65 வயசுக்கு மேல இத்தன சதவீதம் பேருக்கு இயலாமை"ன்னு சொல்றது பஸ்ஸுக்குள்ள இருக்கற கூட்டத்த எண்றது. இந்த பஸ்ல இருந்து இறங்க ரெண்டு வழிதான், ஒண்ணு தேறி வர்றது, இன்னொண்ணு செத்து போறது. இடுப்பு எலும்பு உடைஞ்ச ஒருத்தருக்கு ஒண்ணு ரெண்டு நாள்ல ஆபரேஷன் பண்ணி எழுந்து நடக்க வச்சா முதல் கதவு வழியா இறங்குவாங்க. ஆபரேஷனே இல்லாம படுக்கைல போட்டா புண்ணு வந்து, நிமோனியா வந்து, சில மாசத்துல ரெண்டாவது கதவு வழியா இறங்கிடுவாங்க. கூட்டத்த எண்றவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒரு ஆள் குறைஞ்சுது! அதே பக்கவாதம், நல்ல கவனிப்பு இருக்கற நாட்டுல ஒருத்தர் அந்த நிலைலயே 8 வருஷம் உயிரோட இருப்பாரு, அந்த 8 வருஷமும் அந்த நாட்டோட இயலாமை கணக்குல ஏறும். அதாவது ஒரு நாடு தன் பெரியவங்கள நல்லா பாத்துக்கிட்டா அதோட நம்பர் மோசமா தெரியலாம், கைவிட்டா நல்லா தெரியலாம். அதனாலதான் கூட்டத்த மட்டும் எண்ணாம ஏறற வேகம், தேறற வேகம், சாகற வேகம் மூணையும் தனித்தனியா பாக்கணும்ங்கறது. அதுக்கு அதே ஆளுங்கள திரும்ப திரும்ப போய் பாக்கணும், வேற வழியே இல்ல.

வயசு வித்தியாசம்னு ஒரு குழப்பமும் இருக்கு, ஆனா அது சுலபமா தீரும். ஜப்பான்ல 10 பேர்ல கிட்டத்தட்ட 3 பேர் 65 தாண்டினவங்க, அதுலயும் 80, 90ன்னு போறவங்க நிறைய. இளைய நாட்டுல 60 தாண்டினவங்கன்னு சொன்னா பெரும்பாலும் 60களுலயே இருக்கறவங்கதான். அதனால ஒரே வயசுக்காரங்கள ஒரே வயசுக்காரங்களோட ஒப்பிடணும். அப்படி ஒப்பிட்டா பொதுவா ஏழை நாடுகள்ல, நடுத்தர நாடுகள்ல இறக்கம் முன்னாடியே ஆரம்பிக்குது.

அதே ஆளுங்கள திரும்ப போய் பாக்கற வேலை அமெரிக்காவுல 1992ல பெரிய அளவுல ஆரம்பிச்சுது, அப்புறம் இங்கிலாந்து 2002, ஐரோப்பிய நாடுகள் சேந்து 2004, தென் கொரியா 2006, சீனா 2011, இந்தியாவுல 2017ல முதல் சுத்து, அதுல மட்டும் 45 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 70,000 பேருக்கு மேல. மெக்சிகோ, பிரேசில், தென் ஆப்பிரிக்காவுலயும் நடக்குது. இதெல்லாம் அக்கா தங்கச்சி சர்வேங்க மாதிரி, கேள்விகள ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி வச்சிருக்காங்க. ஆனாலும் கேள்வி ஒண்ணா இருந்தா பதிலும் ஒரே அர்த்தம்னு ஆயிடாது. கௌரவம் பாக்கறவங்க கஷ்டப்பட்டு செய்யறதயும் "நல்லா செய்யறேன்"ம்பாங்க, சிலர் லேசான வலியவே "முடியல"ம்பாங்க, நாட்டுக்கு நாடு இந்த அளவுகோலே மாறும். இத சரி பண்ண ஒரு நல்ல யுக்தி இருக்கு, கற்பனையா ஒருத்தர விவரிச்சு "இவரால கொஞ்ச தூரம் நடக்க முடியும், மாடி ஏறினா மூச்சு வாங்கும், இவருக்கு எவ்வளவு சிரமம்னு நீங்க சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. ஒரே கற்பனை ஆள யார் எப்படி மதிப்பிடறாங்கன்னு பாத்தா அவங்க அளவுகோல் தெரிஞ்சிடும். இன்னொரு பக்கம் வாய் வார்த்தைய நம்பாம நேரா நடக்க விட்டு ஸ்டாப்வாட்ச்ல அளக்கறது, கைப்பிடிய அழுத்த சொல்றது.

ஏன் வேகம் மாறுதுங்கறதுக்கு ஒத்த காரணம் கிடையாது. சின்ன வயசுல சாப்பாடு, எத்தன வருஷம் படிச்சாங்க, 40 வருஷம் எந்த வேலை பாத்தாங்க, பிரஷருக்கு மாத்திரை ஒழுங்கா கிடைச்சுதா, கண்புரைக்கு ஆபரேஷன் ஆச்சா, முட்டி மாத்த முடிஞ்சுதா, எல்லாம் சேருது. படிப்பு விஷயம் மட்டும் எந்த நாட்டுல பாத்தாலும் வருது, கம்மியா படிச்சவங்களுக்கு சீக்கிரம். பணக்கார நாடா இருந்தாலே போதும்னும் இல்ல. 2006ல வந்த ஒரு ஆய்வுல 55ல இருந்து 64 வயசு வரைக்கும் உள்ள வெள்ளை இன அமெரிக்கர்களையும் இங்கிலாந்துக்காரங்களையும் ஒப்பிட்டா சுகர், பிரஷர், இதய நோய், பக்கவாதம் எல்லாமே அமெரிக்கர்களுக்குத்தான் ஜாஸ்தி, மருத்துவத்துக்கு தலைக்கு ஆகற செலவு அங்க ரெண்டு மடங்குக்கும் மேல இருந்தும். பொம்பளைங்க விஷயம் இன்னொரு புதிர். ஏறக்குறைய எல்லா நாட்டுலயும் அவங்க ஆம்பளைங்கள விட அதிக வருஷம் வாழறாங்க, அதிக வருஷம் முடியாமயும் வாழறாங்க. ஆம்பளைங்களுக்கு உயிர எடுக்கற நோய்ங்க, பொம்பளைங்களுக்கு மூட்டு தேய்மானம் எலும்பு முறிவு மாதிரி உயிர எடுக்காம நடமாட்டத்த எடுக்கற நோய்ங்கன்னு ஓரளவுக்கு சொல்லலாம். பஸ் கணக்குல சொன்னா அவங்க இறங்காம ரொம்ப தூரம் போறாங்க.

அரசாங்க கணக்க வச்சு ஒப்பிடறவங்களும் உண்டு, அது எனக்கு சுத்தமா ஒத்து வராது. ஜெர்மனில 1995ல, ஜப்பான்ல 2000ல, தென் கொரியாவுல 2008ல நீண்டகால பராமரிப்பு இன்சூரன்ஸ் வந்துச்சு. ஆள வந்து பாத்து எந்த நிலைன்னு முத்திரை குத்துவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி உதவி. ஜப்பான்ல லேசான ஒத்தாசைக்கு 2 படி, அதுக்கு மேல 5 படி. ஜெர்மனில முன்னாடி 3 நிலை இருந்துச்சு, முக்கியமா உடம்புக்கு தினமும் எத்தன நிமிஷம் பராமரிப்பு வேணும்னு பாத்தாங்க. 2017ல 5 நிலையா மாத்தி, மறதி நோய்க்காரங்களையும் சமமா கணக்குல எடுத்தாங்க, உடனே தகுதி உள்ளவங்க எண்ணிக்கை ஏறுச்சு. 2016 டிசம்பர் 31 ராத்திரி ஜெர்மன்காரங்க எல்லாருக்கும் உடம்பு முடியாம போயிடுச்சுன்னு அர்த்தமா? விதி மாறுச்சு, அவ்வளவுதான்.

கடைசியா, ஆயுசு நீளுதே, அந்த கூடுதல் வருஷம் எல்லாம் எப்படிப்பட்ட வருஷம்? இதுக்கு மூணு பேர் மூணு விதமா சொன்னாங்க. 1977ல க்ருயன்பெர்க், மருத்துவம் சாவ மட்டும் தள்ளி போடுது நோய தள்ளல, அதனால முடியாத காலம்தான் நீளும்னார். 1980ல ஜேம்ஸ் ப்ரைஸ் அப்படியே தலைகீழா, நோய் ஆரம்பிக்கறதயே தள்ளிட்டே போனா கடைசி காலம் சுருங்கும்னார், "கை கால் நல்லா இருக்கும்போதே"ங்கறதோட மருத்துவ வடிவம் அதுதான். 1982ல மேன்டன் நடுவுல நின்னு, காலம் நீளும் ஆனா தீவிரம் குறையும்னார். அமெரிக்காவுல 1980கள் 90கள்ல வயசானவங்க இயலாமை நிஜமாவே குறைஞ்சுது, 2000க்கு அப்புறம் அந்த வேகம் நின்னு போச்சு. லேசான இயலாமைய அளந்தா ஒருத்தர் சரி, தீவிரமானத அளந்தா இன்னொருத்தர் சரின்னு இன்னும் சண்டை ஓயல.

மாசா மாசம் போன் பண்ணாங்கன்னு சொன்னேனே, அந்த யேல்காரங்ககிட்ட இதுக்கு ஒரு நேரடி கணக்கு இருக்கு. 754 பேர்ல இறந்து போன 383 பேரோட கடைசி 12 மாசத்த எடுத்து பாத்தாங்க. 100க்கு 17 பேர் கடைசி வரைக்கும் தானே எல்லாம் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, இன்னொரு 20 பேர் நல்லா இருந்து கடைசில திடீர்னு விழுந்தாங்க, சுமார் 22 பேர் அந்த வருஷம் முழுக்க மோசமான நிலைலயே இருந்தாங்க, மீதி பேர் நடுவுல, சிலர் வேகமா சிலர் மெதுவா இறங்கினாங்க. இறந்ததுக்கு காரணமான நோய வச்சு யார் எந்த பாதைல போவாங்கன்னு முன்கூட்டி சொல்ல முடியுமான்னும் பாத்தாங்க. மறதி நோய்க்காரங்கள்ல பெரும்பாலானவங்க வருஷம் முழுக்க முடியாம இருந்தாங்க, திடீர் மரணம்னு போனவங்கள்ல பாதி பேருக்கு எந்த இயலாமையும் இல்ல. கேன்சர், இதயம், நுரையீரல்னு மத்த எதுலயும் ஒரு நோய்க்கு ஒரு பாதைன்னு அமையல, எல்லா பாதையிலயும் எல்லாரும் இருந்தாங்க.